ஆர்க்கம் நைட்: எல்லாம் முடித்தும் முழு முடிவு வரவில்லை, உதவுங்கள்

நிலாமுற்றம்: வணக்கம். ஆர்க்கம் நைட் என்ற பேட்மேன் விளையாட்டில் கதையை முடித்து மூன்று நாள்கள் ஆகின்றன. காவல் நிலையக் கூரையிலுள்ள வௌவால் விளக்கிற்குச் சென்று முடிவுக் காட்சியைக் கொண்டுவரும் நைட்ஃபால் திட்டத்தையும் தொடங்கினேன், காட்சி ஓடியது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு காட்சி உண்டு என்று என் நண்பன் சொல்கிறான், எனக்கு அது வரவேயில்லை. வரைபடத்தில் எதுவும் மீதமில்லை, எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். விளையாட்டில் கோளாறா? நாளை ஊருக்குக் கிளம்புகிறேன், விரைவாகச் சொல்லுங்கள்.

கூரைப்பூனை: எந்தக் கருவியில் விளையாடுகிறீர்கள்? முன்னேற்றம் எத்தனை விழுக்காடு? காவல் நிலையச் சிறைக்கூடத்தில் யார் யார் அடைபட்டிருக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பார்த்தீர்களா? இவை தெரியாமல் எதையும் சொல்வதற்கில்லை.

தகடுதட்டி: கணினியாகத்தான் இருக்கும். 2015 ஜூன் 23 அன்று கணினிப் பதிப்பு வெளியானபோது நொடிக்கு 30 படச் சட்டகங்கள் என்ற வரம்போடு வந்ததும், அந்த வரம்பையும் எட்டாமல் திணறியதும், சில நாள்களுக்குள் விற்பனையே நிறுத்தப்பட்டு அக்டோபர் 28 அன்றுதான் மீண்டும் கடைக்கு வந்ததும் பழையவர்களுக்கு நினைவிருக்கும். சேமித்த கோப்பு கெட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. முழுவதையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

கூரைப்பூனை: அவர் கணினி என்று எங்கே சொன்னார்?

மூத்தகாவலன்: தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கேயே எத்தனையோ முறை பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போதைய பிள்ளைகளுக்கு இல்லை. 2009-இல் ஆர்க்கம் அசைலம், 2011-இல் ஆர்க்கம் சிட்டி என்று வரிசையாக விளையாடிவிட்டு மூன்றாம் பாகத்துக்கு வந்திருந்தால் விடுகதை போட்டு வதைக்கும் வில்லன் ரிட்லர் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரே கடைசிப் பாகத்தில் குதித்தால் இப்படித்தான் ஆகும்.

பனிக்காலம்: மூன்றாம் பாகம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? 2013-இல் வந்த ஆர்க்கம் ஆரிஜின்ஸ் எங்கே போனது?

மூத்தகாவலன்: அதை உருவாக்கியது மான்ட்ரியல் குழு. இந்த வரிசையில் ராக்ஸ்டெடி நிறுவனம் உருவாக்கிய முதன்மைப் பாகங்கள் மூன்றே, ஆகவே முத்தொகுதி. ஆரிஜின்ஸில் பேட்மேனின் குரல்கூட, அந்த மூன்றிலும் பேசிய கெவின் கான்ராயுடையது அன்று.

பனிக்காலம்: கதை அதே உலகத்தில், சில ஆண்டுகள் முன்னதாக நடக்கிறது, குரல் மாறினால் உறவு அறுந்துவிடுமா? பனி கொட்டும் அந்தக் கிறிஸ்துமஸ் முந்தைய இரவைக் கணக்கிலிருந்து நீக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால், பாதி நேரம் பேட்மொபைலை டாங்கியாக மாற்றிச் சுட்டுக்கொண்டிருக்க வைத்த ஆர்க்கம் நைட்டை விட, ஆரிஜின்ஸில் வில்லன்களோடு மோதும் சண்டைகள் நன்றாகவே இருந்தன.

நிலாமுற்றம்: பிளேஸ்டேஷன் 4. விழுக்காடு எங்கே காட்டும்? சிறையில் பென்குவின், டூ-ஃபேஸ் எல்லோரும் இருக்கிறார்கள். ரிட்லர் மட்டும் இல்லை. ஆனால் அவன் பிடித்துவைத்திருந்த கேட்வுமனை விடுவித்தாயிற்றே, அதோடு அவன் கதை முடிந்துவிட்டது அல்லவா?

மூத்தகாவலன்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கூரைப்பூனை: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேட்வுமனின் கழுத்துப்பட்டையைக் கழற்றியதும் ரிட்லரின் பகுதி முடிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அவனோடு மோத வேண்டுமென்றால் அவன் நகரெங்கும் வைத்திருக்கும் 243 சவால்களையும் முடித்தாக வேண்டும். ஏழு குற்றவாளிப் பணிகள் முடிந்தாலே நைட்ஃபாலைத் தொடங்க விளையாட்டு அனுமதித்துவிடுவதால், நீங்கள் பார்த்தது சுருங்கிய முடிவு. ரிட்லர் உட்பட எல்லாரும் உள்ளே போன பிறகு தொடங்கினால்தான் முழுமையான முடிவு வரும்.

அந்த 243-இல் கோப்பைகள் 179 மட்டுமே. விடுகதைகள் 40, உடைக்க வேண்டியவை 18, தலையில் வெடிகுண்டு பொருத்தப்பட்ட கலகக்காரர்கள் 6 பேர். அந்த ஆறு பேரைக் கோப்பை என்று யாரும் நினைக்காததால் விட்டுவிடுவார்கள். கூட இருப்பவர்களை வீழ்த்திவிட்டு அவர்களின் குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். மேலும், வரைபடம் காலியாக இருப்பதை நம்பாதீர்கள். நீங்கள் கண்டறியாத ஒன்றை அது காட்டாது. தெருக் கும்பலில் பச்சையாக ஒளிரும் ஆளை மட்டும் கடைசி வரை விட்டுவைத்து விசாரித்தால், ரிட்லர் ஒளித்து வைத்தவை வரைபடத்தில் ஏறும். அவனை முதலிலேயே அடித்துப் போட்டுவிட்டுப் பிறகு கைபிசைந்தவர்களில் நானும் ஒருவன்.

பட்டியலைத் திறந்து பகுதி பகுதியாகப் பாருங்கள். மூன்று தீவுகளையும் துப்புரவாகத் தேடுகிறவர்கள் பனேஸா படப்பிடிப்பு நிலையத்தையும் ஸ்டாக் நிறுவனத்தின் வான்கப்பல்களையும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கதையில் ஒருமுறை போனதோடு அங்கே வேலை முடிந்ததாக நினைப்பு.

தகடுதட்டி: பிளேஸ்டேஷனிலும் கோப்பு கெடலாம். மறுபடி நிறுவுவதில் தவறில்லை.

கூரைப்பூனை: நிறுவினால் 243-ஐயும் யார் எடுத்துத் தருவது, நீங்களா?

பனிக்காலம்: முடிவைப் பார்க்க இத்தனை கோப்பைகளைப் பொறுக்கச் சொல்வது விளையாடுகிறவரின் பொறுமையைச் சுரண்டுவதாகும். இரண்டு மூன்று வில்லன்களைப் பிடித்தால் போதும் என்றிருக்கலாம்.

மூத்தகாவலன்: பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் சுருங்கிய முடிவு இருக்கிறது.

நிலாமுற்றம்: 243-இல் 238 தான் முடிந்திருந்தது. மீதி, வான்கப்பலில் மூன்று, பனேஸாவில் இரண்டு. ரிட்லரின் எந்திர மனிதர்களில் சிவப்பைக் கேட்வுமனாலும் நீலத்தைப் பேட்மேனாலும்தான் அடிக்க முடியும் என்பது புரியாமல் இரண்டு முறை தோற்றேன். இப்போது உள்ளே போய்விட்டான், காட்சியும் வந்துவிட்டது. நன்றி அண்ணா. பேருந்துக்கு நேரமாகிறது.

ஒற்றைவரி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நானும் அதே வான்கப்பலில்தான் இரண்டு நாள்களாக நிற்கிறேன். தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் கப்பலைச் சாய்த்தால் கொள்கலன் கோப்பையின் பக்கமாகச் சரிகிறது, நிமிர்த்தினால் பழைய இடத்துக்கே திரும்பி வழியை அடைத்துக்கொள்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நின்று சாய்த்தீர்கள்?

ஒற்றைவரி: நிலாமுற்றம், இருக்கிறீர்களா?

மூத்தகாவலன்: எந்த வான்கப்பல் என்று சொல்லவில்லையே தம்பி. இரண்டு இருக்கின்றன.