டொரத்தி வேர்ட்ஸ்வொர்த் நாட்குறிப்பின் முழுப் பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்துக்கும் தங்கை டொரத்திக்கும் இருந்த நெருக்கம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1802 அக்டோபர் 4, அண்ணனின் கல்யாண நாள். டொரத்தி தேவாலயத்துக்குப் போகவில்லை. கல்யாண மோதிரத்தை முந்தைய இரவு முழுக்கத் தன் ஆள்காட்டி விரலில் போட்டிருந்தார். காலையில் கழற்றிக் கொடுத்தால், அண்ணன் அதைத் திரும்ப அவர் விரலிலேயே மாட்டி ஆசீர்வதிக்கிறார். கையெழுத்துப் படியில் இந்த வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது வில்லியம் நைட்டின் 1897 பதிப்பு. அதில் மோதிரப் பேச்சே இல்லை. அண்ணன் சட்டையைத் தைத்தது, அவர் சுள்ளி பொறுக்கியது எல்லாவற்றையும் சேர்க்கத் தேவையில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார் மனிதர். எனக்கு வேண்டியதே அதுதான்! இங்கே மதுரையில் நூலகங்கள், பழைய புத்தகக் கடைகள் எல்லாம் தேடிவிட்டேன். கவிதைத் தொகுப்புகள்தான் இருக்கின்றன. ஆர்டர் போட்டால் கெடு தாண்டித்தான் வரும்.

பமேலா வூஃப் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பிரதி வைத்திருப்பவர்கள், அந்த அக்டோபர் 4 பக்கத்தையும் அதற்கான குறிப்பையும் படமெடுத்து அனுப்ப முடியுமா?