கோடாக்ரோம் ஸ்கேனில் கரைந்துபோன ஜன்னல் கம்பி

ஸ்லைடு ஃபிலிமில் (நெகட்டிவ் இல்லாமல் நிஜ நிறத்திலேயே படம் விழும் ஃபிலிம்) படம் எடுப்பதுதான் பெரிய தலைவலி என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது பாதித் தலைவலிகூட இல்லை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சுமார் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு) வித்தியாசத்துக்கு மேல் தாங்காது, அவ்வளவுதான். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியில் ஸ்பாட் மீட்டரை (சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வைத்து ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் மடிப்பு தெரியும். நிழலில் நிற்பவர் முகத்துக்கு அன்றைக்கு யோகம் இல்லை.

ஆளை ஒருவழி பண்ணுவது ஸ்கேனிங். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரிய மாமா எழுபதுகளில் எடுத்த கோடாக்ரோம் (கோடாக் கம்பெனியின் பழைய ஸ்லைடு ஃபிலிம்) ஒரு டப்பா நிறைய இருந்தது. லைட் பாக்ஸில் வைத்தால் நேற்று எடுத்த மாதிரி நிறம். இருட்டில் கிடந்தால் கோடாக்ரோம் லேசில் வெளுக்காது. புரொஜெக்டரில் அடிக்கடி ஓட்டியவைதான் மங்கிப்போகும்.

தூசி போக ஸ்கேனரில் டிஜிட்டல் ஐஸை (தூசியைத் தானே கண்டுபிடித்து அழிக்கும் வசதி) ஆன் செய்து ஸ்கேன் போட்டேன். அத்தை ஜன்னலோரம் நிற்கும் படத்தில் கம்பிகள் அங்கங்கே கரையான் அரித்த மாதிரி விட்டுப்போயிருந்தன. காரணம் இதுதான்: ஈ-6 என்ற முறையில் கழுவும் சாதாரண ஸ்லைடு ஃபிலிமின் சாயம் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது, தூசி தடுக்கும். அதை வைத்துத்தான் ஐஸ் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கோடாக்ரோமில் கருமையான இடங்களும் அந்தக் கதிரைத் தடுக்கும். சாஃப்ட்வேர் கம்பியையே தூசி என்று எடுத்துக்கொண்டு பூசி மெழுகிவிடுகிறது! ஐஸை அணைத்துவிட்டு ப்ளோயரும் கையுமாக உட்கார வேண்டியதுதான். கோடாக்ரோம் செட்டிங் இல்லாத ஸ்கேனரில் நீலம் வேறு ஏறும்.

அத்தையின் கரும்பச்சைப் பட்டில் ஜரிகைப் புட்டா லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வழியாக அழகாகத் தெரிகிறது, ஃப்ளாட்பெட் ஸ்கேனர் தந்த ஃபைலிலோ வெறும் கருப்பு. கடைசியில் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு ஸ்லைடையே கிட்டத்தில், ஒன்று நிழலுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு என்று தனித்தனி எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்தேன். ஓரளவு வந்தது. அட்டை மவுன்டில் ஃபிலிம் வளைந்திருந்தால் நடுவில் ஃபோகஸ், மூலையில் மங்கல். அதற்கு இன்னும் எனக்குப் பிடித்த வழி கிடைக்கவில்லை.

வீட்டில் கழுவாத கோடாக்ரோம் ரோல் யாருக்காவது கிடைத்தால் ஈ-6 லேபில் கொடுத்துவிடாதீர்கள். நிறச்சாயத்தை உண்டாக்கும் கப்ளர் என்ற ரசாயனம் அந்த ஃபிலிமிலேயே கிடையாது, கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அதைச் செய்துவந்த கடைசி லேப், அமெரிக்காவில் கான்சாஸின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது, 2010 இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி கருப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம்.