தெரிந்தே தேவனை எதிர்த்தேன், திரும்ப வழி உண்டா?

மூத்தவள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

சபைக்குப் போவது குறைந்து, ஜெபம் குறைந்து, அப்படியே பின்வாங்கிப்போன கதை இல்லை என்னுடையது. நான் தெரிந்தே எதிர்த்தவள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது நானும் தம்பியும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்களில் ஒருவர், அம்மா கண்டிப்பாகப் பிழைப்பார்கள் என்று கர்த்தர் தமக்குச் சொன்னதாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரு பழக்கம். எந்த வசனத்தைப் பிடித்து ஜெபிக்கிறார்களோ அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி போடுவார்கள். ஜெபம் கேட்கப்பட்டதும் அதற்குக் கீழே இன்னொரு தேதி. "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற சங்கீதம் 118:17-க்குப் பக்கத்தில் ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. அடக்கம் முடிந்த கையோடு ஒருவர் தம்பியிடம், "உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்றார்.

அன்று ராத்திரி, "இனி உமக்கும் எனக்கும் பேச்சு இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. தம்பி அழுதுகொண்டே ஜெபிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "யாரிடம்டா பேசுகிறாய்?" என்று கேட்டிருக்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தினவள் நான். எந்த வசனத்தை எப்படித் திருப்பிப்போட்டால் அவனுக்குப் பதில் வராது என்று எனக்குத் தெரியும். இப்போது அவன் ஜெபிப்பதே இல்லை.

கொஞ்ச காலமாக என் மனசு மாறிக்கொண்டு வருகிறது. கோபம் ஓய்ந்த பிறகு, அவர் வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆனால் வேதத்தைத் திறந்தால் எபிரெயர் 6-தான் கண்ணில் நிற்கிறது. பரம ஈவை ருசிபார்த்து மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்று எழுதியிருக்கிறதே.

"இப்படிப் பயப்படுவதே நீ தள்ளப்படவில்லை என்பதற்கு அடையாளம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு வழி உண்டா? உண்டென்றால், நான் கெடுத்த என் தம்பியின் கதி என்ன?

கூடாரவாசி:

சிஸ்டர், "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" (யோவான் 6:37). வருகிறவர் எதைச் செய்துவிட்டு வருகிறார் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. உங்களுக்காகவும் தம்பிக்காகவும் இன்றிலிருந்து ஜெபிக்கிறேன்.

பழைய ஏடு:

அம்மா, உங்கள் கேள்வியை சபை கிட்டத்தட்ட 1,800 வருஷத்துக்கு முன்னாலேயே நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது.

250-ம் ஆண்டு வாக்கில் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பயந்துபோய்ப் பலியிட்டார்கள். உபத்திரவம் தணிந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா? ரோமில் இருந்த நொவாத்தியன் என்ற மூப்பர், சபைக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லிப் பிரிந்துபோனார். நீங்கள் பயப்படுகிற எபிரெயர் 6-ஐயே அந்தப் பிரிவினர் பிற்பாடு தங்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான் முதலானவர்கள், மனந்திரும்புகிறவர்களுக்கு வாசலை அடைக்கக்கூடாது என்று நின்றார்கள். சபை அவர்கள் பக்கம்தான் போனது.

உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று 325-ல் நிசேயா நகரத்தில் பேராயர்கள் கூடிய சங்கத்தில் நடந்தது. அந்தச் சங்கத்தின் 11-ம் விதி, யாரும் கட்டாயப்படுத்தாமல், சொத்துக்கோ உயிருக்கோ ஆபத்து இல்லாமல் மறுதலித்தவர்களைப் பற்றியது. இவர்கள் இரக்கத்துக்குப் பாத்திரர் அல்ல, ஆனாலும் இரக்கம் காட்ட வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. மனப்பூர்வமாக மனந்திரும்பினால் 3 வருஷம் வசனம் கேட்கிறவர்களோடு நிற்க வேண்டும், 7 வருஷம் முழங்காலில், பிறகு 2 வருஷம் ஜெபத்தில் மட்டும் சேர வேண்டும், அதற்கப்புறம் திருவிருந்து. அந்த 12 வருஷக் கணக்கை இன்றைக்கு யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. நான் பார்க்கச் சொல்வது, "தெரிந்தே செய்தவர்கள்" என்று பெயர் வைத்த பிறகும் அவர்களுக்கென்று ஒரு பாதை போட்டுக்கொடுத்தார்கள் என்பதை.

எபிரெயர் 6-ஐ ஆறாம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். ஒன்பதாம் வசனம், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று தொடங்குகிறது. அதே அதிகாரம் பதினெட்டாம் வசனத்தில் அடைக்கலமாய் ஓடிவந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. அந்த எச்சரிப்பு, கிறிஸ்துவைவிட்டுப் போய் அங்கேயே நின்றுவிட நினைக்கிறவனுக்கு. ஓடிவருகிறவளை விரட்டுவதற்கு அதை எடுக்கிறவர்கள், அதிகாரத்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று. உங்கள் தம்பியிடம் "விசுவாசம் பத்தவில்லை" என்று சொன்னவரின் வார்த்தையைத் தேவனுடைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யோபுவிடம் அப்படிக் காரணம் சொன்ன சிநேகிதர்களைத்தான் கர்த்தர் கடிந்துகொண்டார். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" (யோபு 42:7). கோபத்தோடு வழக்காடினவன் பக்கம்தான் அவர் நின்றார்.

மூத்தவள்:

ஐயா, ஒன்பதாம் வசனத்தை நூறு தடவை வாசித்திருப்பேன். ஆனால் இந்தக் கேள்வியோடு வாசித்ததில்லை. நன்றி.

என் பங்குக்கு வழி உண்டென்று வைத்துக்கொண்டாலும், தம்பியை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. நான் மட்டும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு, அவனை வெளியே விடுவதா?

இரண்டாம் நாளாகமம்:

அக்கா, இதே கேள்விக்காக நான் பிடித்துக்கொண்டிருக்கிற அதிகாரம் 2 நாளாகமம் 33. மனாசே. 12 வயதில் யூதாவின் ராஜாவாகி 55 வருஷம் ஆண்டவன். தேவாலயத்துக்குள்ளேயே அந்நியப் பலிபீடங்களைக் கட்டினான், பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணினான். ஒரு தேசத்தையே வழிதப்பிப்போகப் பண்ணினான் என்று ஒன்பதாம் வசனம் சொல்கிறது. விலங்கு போட்டு அவனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகுதான் கெஞ்சினான். கர்த்தர் "அவன் கெஞ்சுதலுக்கு இரங்கி" திரும்ப எருசலேமுக்கு வரப்பண்ணினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு. திரும்பி வந்தவன், தான் கட்டின பலிபீடங்களைத் தானே எடுத்து நகரத்துக்குப் புறம்பாகப் போட்டான். ஜனங்கள் உடனே முழுசாகத் திருந்திவிடவில்லை, பழைய பலிமேடைகளில்தான் இன்னும் பலியிட்டார்கள், ஆனாலும் கர்த்தருக்கென்றே பலியிட்டார்கள். மகன் ஆமோன் அப்பாவின் பழைய வழியிலேயே போனான், அப்பாவைப்போல் தன்னைத் தாழ்த்தவும் இல்லை. யூதாவின் மேல் வந்த நியாயத்தீர்ப்புக்கு மனாசேயின் பாவங்களையே காரணமாகச் சொல்கிறது 2 இராஜாக்கள் 24. இதையெல்லாம் வேதம் மூடி மறைக்கவில்லை. மன்னிப்பு கிடைத்தது, ஆனால் அவன் செய்த கெடுதி இல்லாமல் போய்விடவில்லை.

இப்போது ஒரு கணக்கு. ஆமோன் ஆண்டது 2 வருஷம். அவன் மகன் யோசியா ராஜாவாகும்போது வயது 8. அப்படியென்றால் தாத்தா மனாசே இறக்கும்போது அந்தப் பையனுக்கு ஏறக்குறைய 6 வயது. தாழ்த்தப்பட்டுத் திரும்பி வந்த தாத்தாவைப் பார்த்து வளர்ந்த குழந்தை. அவன் மடியில் உட்கார்ந்து ஏதாவது கற்றுக்கொண்டான் என்று வேதம் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதே குடும்பத்தில், ஆமோனைத் தாண்டி, தன் முழு இருதயத்தோடும் கர்த்தரிடம் திரும்பின ராஜா ஒருவன் வந்தான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், ஏனென்றால் என் மகன் இன்னும் ஆமோன் வழியில்தான் இருக்கிறான்.

அதனால், நீங்கள் உள்ளே போவது தம்பியை வெளியே விடுவதாகாது. மனாசே பாபிலோனிலேயே இருந்திருந்தால் அந்தப் பலிபீடங்களை யார் எடுத்திருப்பார்கள்?

மூத்தவள்:

உங்கள் மகனுக்காக இன்றைக்கு ஜெபிக்கிறேன். ரொம்ப நாளைக்கப்புறம் நான் ஜெபிக்கிற முதல் ஆள் உங்கள் மகனாக இருக்கட்டும்.

தம்பியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? நான் வசனம் சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். அந்த வசனங்களுக்கு எதிர்ப்பேச்சு சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இரண்டாம் நாளாகமம்:

வசனத்தோடு போகாதீர்கள். "அம்மா போனபிறகு நான் உன்னிடம் பேசியதெல்லாம் கோபத்தில் பேசியது. நீ ஜெபிக்கும்போது உன்னை நோகடித்தேன், என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லுங்கள். உடனே "சபைக்கு வா" என்று சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால், அவனை வரவழைக்கத்தான் மன்னிப்பு கேட்கிறீர்கள் என்று நினைப்பான். அவனுக்கும் அந்தப் பென்சில் தேதி தெரியும்தானே? அதைப் பற்றி அவன் கேட்டால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "எனக்கும் தெரியவில்லை, நானும் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும், உண்மையும் அதுதானே.

பழைய ஏடு:

இதோடு ஒன்று. உங்கள் சபைப் போதகரையோ, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மூத்த விசுவாசியையோ தனியாகப் போய்ப் பாருங்கள். இங்கே எழுதினதை அப்படியே அவரிடம் சொல்லி, அவர் முன்னால் வாய்விட்டுப் பாவ அறிக்கை செய்யுங்கள். வாய்விட்டு விலகினவள், வாய்விட்டே திரும்பி வருவது நல்லது. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் சங்கீதம் 88-ஐ எடுத்து வாசியுங்கள். கடைசி வசனம் வரைக்கும் துக்கமாகவே முடிகிற ஜெபம் அது, அதையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

மூத்தவள்:

தம்பி வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கிறேன். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.