புதுப்பிப்பு: வாஷிங்டனுக்கு பாய்மரப் படகுல போயிட்டு வந்தாச்சு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டிசில மியூசியம் பாக்க படகுல போனா எங்க நிறுத்துறதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஊரை ஒட்டி இருக்கிற வாஷிங்டன் சேனல்ங்கிற நீர்வழியில நங்கூரம் போடுங்கன்னு ஒரு அண்ணா சொன்னாரே, அதுதான் சரியா வந்துச்சு. செசபீக் விரிகுடாவுல இருந்து பொடோமக் ஆத்துல கிட்டத்தட்ட 100 மைல், மூணு நாள் ஆச்சு. எங்க பாய்மரம் 52 அடி உயரம்தான், அதனால ஆத்துக்குக் குறுக்க இருக்கிற, உயரமான படகுக்குத் திறந்து விடுற வுட்ரோ வில்சன் பாலத்தை திறக்கச் சொல்லாமலேயே கீழ போயிட்டோம்.

சின்ன படகுல கரைக்கு வந்து நடந்தே நேஷனல் மால் (மியூசியங்க, நினைவுச்சின்னங்க இருக்கிற பெரிய பூங்கா) போயிடலாம், ஸ்மித்சோனியன் மியூசியம் எல்லாம் இலவசம். ராத்திரி டெக்ல உக்காந்து 555 அடி வாஷிங்டன் நினைவுத்தூண் விளக்கு வெளிச்சத்துல நிக்கிறத பாத்தப்போ மனசு நெறஞ்சுபோச்சு.

எதிர்பாக்காதது ரெண்டு: ஆத்து முகத்துவாரம் பக்கம் நண்டு பிடிக்கிற கூடுங்களோட மிதவைங்க நெறைய, இருட்டுல தெரியாது, பகல்லயே போங்க. அப்புறம் நங்கூரத்தைத் தூக்கினா சங்கிலி முழுக்க பசை மாதிரி கருப்புச் சேறு, வாளி வாளியா தண்ணி ஊத்தி அரை மணி நேரம் கழுவினோம்.