உதவி: இரண்டு நோட்டு எழுதியும் ஆங்கிலச் சொல் மனதில் நிற்கவில்லை

பாமணியாறு (மன்னார்குடி):
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினம் இருபது சொல், எதிரே தமிழ் அர்த்தம். இரண்டு நோட்டு தீர்ந்துவிட்டது. போன வாரம் மாதிரித் தேர்வில் 'ரிடண்டன்ட்' வந்தது. 'அபண்டன்ட்' மாதிரியே இருக்கிறதே என்று 'ஏராளம்' போட்டேன். தப்பு, கால் மார்க் கழிந்தது. 'இனண்டேட்' என்றால் மூழ்கடி என்று எழுதி வைத்திருக்கிறேன். கேள்வியிலோ விண்ணப்பங்கள் வந்து இனண்டேட் ஆனதாம்! என்னதான் செய்வது?

குடமுருட்டி:
அந்த மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் தங்கச்சி. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. தண்ணீர் உள்ளே ஏறி மூடினால் இனண்டேட். விண்ணப்பமும் அப்படித்தான் வந்து குவியும். நடவு சமயத்தில் வாய்க்கால் நிறைய வந்தால் அபண்டன்ட். ஐப்பசி அடைமழையில் சம்பா முங்கிக் கிடக்கும்போது வாய்க்காலிலும் வந்தால்? அதுதான் ரிடண்டன்ட். மிகுதிதான், ஆனால் வேண்டாத மிகுதி.

அரசலாறு:
'ரைவல்', அதாவது போட்டியாளன், இன்னும் நம்ம ஊர்ச் சங்கதி. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடைத் தண்ணீரைப் பங்கு போடுகிறவன்தான் ரைவல். மேல்மடைக்கும் கடைமடைக்கும் நடக்கிற சண்டையைப் பார்த்தவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்ன? ஜன்னி கண்டு பிதற்றுவதை 'டெலிரியம்' என்கிறார்களே, அதன் வேரும் உழவுதான்: ஏர் உழவுச் சாலிலிருந்து விலகுவது.

வெட்டாறு:
எல்லாம் சரி, வேரை மட்டும் நம்பினால் தேர்வில் கவிழ்ந்துவிடுவீர்கள். 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'அறியாதவன்' என்று அர்த்தம். இன்று அப்படி யாராவது சொல்கிறார்களா? வேர் ஞாபகத்துக்கு, வாக்கியம் அர்த்தத்துக்கு. இருபதை ஐந்தாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம். மூன்றாம் நாள் தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி. தவறியதை மட்டும் அடுத்த நோட்டுக்கு மாற்றுங்கள்.

பாமணியாறு:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். நேற்றே ஐந்து எழுதிவிட்டேன். ரைவல் கதையை அப்பாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, பக்கத்து வயல் பெரியப்பா பெயரைச் சொல்லிவிட்டார். வாக்கியத்தில் அதையே போட்டிருக்கிறேன். நோட்டு பெரியப்பா கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.