ஊர்ப் பெண்கள் கூடிப் பேசினால் பச்சிளங்குழந்தை இறப்பு குறையுமா?

கேள்வி:
நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் மாதந்தோறும் கூடிப் பேசிய பகுதிகளில், பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மருத்துவமனை எட்டாத மலைக்கிராமங்களில் வெறும் பேச்சு உயிரை எப்படிக் காக்கும்?

மறுமொழி 1:
வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, நண்பரே. அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் கூட்டத்தை நடத்த, உறுப்பினர்களே பட அட்டைகளை வைத்துத் தங்கள் ஊரின் சிக்கல்களை அலசி, அவசரச் செலவுக்குப் பொது நிதி திரட்டுவது, கர்ப்பிணியைத் தூக்கிச் செல்லத் தூக்குப்படுக்கை வைத்திருப்பது, தூய்மையான பிரசவப் பொருள்களைக் கிடைக்கச் செய்வது எனத் தீர்வுகளையும் தாங்களே வகுத்தனர்.

மறுமொழி 2:
வங்கதேசத்தில் இதே முறை முதலில் பலன் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள்தொகைக்குக் குழுக்கள் போதவில்லை. கர்ப்பிணிகளில் சிலரே கூட்டங்களுக்கு வந்தனர். குழுக்களைப் பெருக்கிய பின்னரே இறப்பு குறைந்தது. 2013-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கர்ப்பிணிகளில் 30 விழுக்காட்டினராவது பங்கேற்ற இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. திட்டம் தீட்டுவோர் வசதியாக மறந்துவிடும் செய்தி இது.

மறுமொழி 3:
ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம் பார்ப்பவர் கை கழுவுவதும், தொப்புள்கொடியைக் கொதிக்க வைத்த நூலால் கட்டுவதும் இத்தகைய கூட்டங்களுக்குப் பின் கூடின.