பிரிட்டனுக்கு ஒரே கால்பந்து அணி: நான்கு சங்கங்களும் ஏன் சேர மறுக்கின்றன?

நெல்லை வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் மகளிர் ஹாக்கி அணி தங்கம் வென்றது. ஒலிம்பிக் தடகளத்திலும் நீச்சலிலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீரர்கள் ஒரே கொடியின்கீழ்தான் நிற்கிறார்கள். கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு சங்கங்கள், நான்கு அணிகள், ஒன்றுசேர்வது என்ற பேச்சை எடுத்தாலே எதிர்ப்பு.

இதற்கு விலை கொடுப்பவர்கள் வீரர்கள்தாம் என்பது என் எண்ணம். ஜார்ஜ் பெஸ்ட் வட அயர்லாந்துக்காரராகப் பிறந்ததால் ஓர் உலகக் கோப்பை ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை 13 முறை வென்ற ரையன் கிக்ஸுக்கும் வேல்ஸ் அணியில் அதே கதிதான். இந்த மறுப்பு உண்மையிலேயே மக்களின் தேசிய உணர்விலிருந்து வருகிறதா, அல்லது சங்க நிர்வாகிகள் தங்கள் பதவியைக் காத்துக்கொள்ளச் சொல்லும் காரணமா என்பதை அங்கு வசிப்பவர்களும் விவரம் அறிந்தவர்களும் விளக்கினால் நன்றாயிருக்கும்.

கிளைட் நதிக்கரை எழுதுகிறார்:

நான் கிளாஸ்கோவில் நெடுங்காலமாக வசிப்பவன். பதவி ஆசை என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், எது முதலில் தோன்றியது என்பதைப் பாருங்கள். உலகின் முதல் அதிகாரபூர்வப் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று, இதே நகரத்தின் பார்ட்டிக் பகுதியில் உள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. கோல் எதுவும் விழவில்லை. ஸ்காட்லாந்தின் பதினொருவருமே குயின்ஸ் பார்க் என்ற ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தொடங்கப்பட்டது 1904இல்தான். ஆக, ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம் என்ற விதி பிறப்பதற்கு முன்பே இங்கே நான்கு சங்கங்களும் வேரூன்றிவிட்டன. ஒன்றாக இருந்ததை யாரும் நான்காக உடைக்கவில்லை.

இதைவிட முக்கியமானது இன்னொன்று உண்டு. 1707இல் இங்கிலாந்துடன் இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. அது மீண்டும் கூடியது 1999இல். இடைப்பட்ட காலத்தில் சட்டமும் திருச்சபையும் கல்வியும் தனித்தே இருந்தன என்றாலும், ஒரு சாதாரணத் தொழிலாளி சனிக்கிழமை பிற்பகல் போய் நின்று, தன் நாடு உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் ஸ்காட்லாந்து அணி ஆடும் ஹாம்ப்டன் பார்க் மைதானமாகத்தான் இருந்தது. கப்பல் கட்டும் தளத்திலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த அணியைத் தூக்கிச் சுமந்தார்கள். அதைக் கலைத்துவிட்டு வேறொன்றைத் தருகிறோம் என்றால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

அதற்காக ஸ்காட்லாந்துக்காரர்கள் கூட்டு அணியைக் கண்டாலே வெறுப்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1947 மே மாதம் பிரிட்டன் அணி ஐரோப்பிய அணியை எதிர்த்து ஆடியது இதே ஹாம்ப்டன் பார்க்கில்தான். ஃபிஃபாவிலிருந்து விலகியிருந்த நான்கு சங்கங்களும் அதற்குத் திரும்பியதைக் கொண்டாட நடந்த அந்த ஆட்டத்தைக் காண ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள், பிரிட்டன் 6-1 என்று வென்றது. விருந்துக்கு ஒருநாள் கூடுவதில் எவருக்கும் தடையில்லை. வீட்டை விட்டுக்கொடுக்கச் சொன்னால்தான் மறுக்கிறார்கள்.

விதிநூல் எழுதுகிறார்:

நதிக்கரை அவர்கள் சொன்ன உணர்வை மதிக்கிறேன். ஆனால் நிர்வாகிகளின் அச்சத்துக்கும் உறுதியான காரணம் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கால்பந்தின் ஆட்ட விதிகளைத் தீர்மானிப்பது 1886இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வாரியம். அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்கும் தலா ஒரு வாக்கு, மற்ற உலகம் முழுவதற்குமாக ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகள். ஒரு விதியை மாற்ற எட்டில் ஆறு வாக்குகள் தேவை. ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் வாழும் வேல்ஸுக்கு பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் இல்லாத நேரடி வாக்கு இருக்கிறது என்றால், அதைப் பறிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று பிறர் காத்திருப்பது இயல்புதானே.

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 2008இல், அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர், ஒரே அணியாக ஆட முடியுமென்றால் நான்கு சங்கங்களும் நான்கு வாக்குகளும் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும் என்றும், ஆங்கிலேய வீரர்களை மட்டும் கொண்டு ஆடுவதே நல்லது என்றும் வெளிப்படையாகப் பேசினார். தனித்தன்மைக்குப் பங்கம் வராது என்ற உறுதிமொழிகளும் ஃபிஃபா தரப்பிலிருந்து வந்தன. ஆனால் தலைவர்கள் மாறினால் உறுதிமொழி நிற்குமா என்று மற்ற மூன்று சங்கங்களும் ஐயப்பட்டதில் தவறு காண முடியவில்லை. 2009இல் ஒரு சமரசம் ஏற்பட்டது: இங்கிலாந்து வீரர்களைக் கொண்டு பிரிட்டன் அணியை அனுப்பினால் மற்ற மூவரும் தடை சொல்லமாட்டார்கள். 2011இல் பிரிட்டன் ஒலிம்பிக் சங்கம், அனைவரிலிருந்தும் வீரர்களைத் தேர்ந்தெடுக்க வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று அறிவித்த சூட்டோடு சூடாக, அப்படி எதற்கும் தாங்கள் இசையவில்லை என்று மூன்று சங்கங்களும் மறுத்தன. கேட்காமலேயே சம்மதம் பெற்றதாக அறிவித்த அந்தச் செயல், ஏற்கெனவே இருந்த அவநம்பிக்கையை இன்னும் ஆழப்படுத்தியது.

கார்டிஃப் குடிமகள் எழுதுகிறார்:

வேல்ஸின் தலைநகரில் வாழ்கிறவள் என்ற முறையில் 2012இல் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். பயிற்சியாளர் ஸ்டூவர்ட் பியர்ஸ் தேர்ந்தெடுத்த ஆடவர் அணியின் 18 பேரில் 13 பேர் ஆங்கிலேயர்கள், ஐவர் வேல்ஸ்காரர்கள்: கிக்ஸ், பெல்லமி, ராம்ஸி, ஆலன், டெய்லர். ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் ஒருவர்கூட இல்லை. செனகலுக்கு எதிரான முதல் ஆட்டத்துக்கு முன் நாட்டுப்பண் ஒலித்தபோது கேமரா வரிசையாக நகர்ந்தது. அணித்தலைவர் கிக்ஸின் உதடுகள் அசையவில்லை, பெல்லமியின் உதடுகளும் அசையவில்லை. சிலர் அதை அவமதிப்பு என்றார்கள். அரசியைக் காக்க வேண்டும் என்று அப்போது பாடப்பட்ட அந்தப் பாட்டைத்தான் இங்கிலாந்து அணியும் தன் பாட்டாகப் பாடுகிறது. எதிரணியின் பாட்டாகவே வாழ்நாள் முழுதும் கேட்டுவந்த ஒன்றை, ஒரு மாதத்துக்கு மட்டும் சொந்தப் பாட்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அதே ஆட்டத்தில் கிக்ஸ் அடித்த ஃப்ரீ கிக்கைத் தொடர்ந்து பிரிட்டனின் ஒரே கோலைப் போட்டவர் பெல்லமி. அவர்கள் பாடவில்லை, ஆனால் உழைப்பில் குறை வைக்கவில்லை.

உலகக் கோப்பை வாய்ப்பைப் பற்றி வாசகன் அவர்கள் வருந்தினார். வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876இல் பிறந்தது. எங்கள் சட்டமன்றம் அதற்கு 123 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. 1958க்குப் பிறகு 2022 வரை நாங்கள் உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் கத்தாரில் அமெரிக்காவுக்கு எதிராக கேரத் பேல் பெனால்டியை கோலாக்கியபோது இங்கே தெருக்களில் கண்ட கண்ணீரை, பிரிட்டன் என்ற பெயரில் பேல் பத்துக் கோல்கள் போட்டிருந்தாலும் கண்டிருக்க முடியாது. கூட்டு அணியில் கிக்ஸுக்கு இடம் கிடைத்திருக்கும்; அவருக்குப் பின்னால் அணிவகுத்த சராசரி வேல்ஸ் வீரர்களுக்கு ஒருநாளும் கிடைத்திருக்காது.

மகளிர் கால்பந்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஆடவர் ஒலிம்பிக் கால்பந்து பெரும்பாலும் 23 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். மகளிருக்கோ அது வயது வரம்பில்லாத முழுமையான பெரும்போட்டி. ஸ்காட்லாந்து மகளிர் முதன்முதலில் உலகக் கோப்பைக்குப் போனது 2019இல்தான். கிம் லிட்டில் 2012இலும் டோக்கியோவிலும் பிரிட்டனுக்காக ஆடினார், டோக்கியோவில் கரோலின் வியரும் எங்கள் சோஃபி இங்கிலும் உடன் இருந்தார்கள். இந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிக்க எந்தக் கொடியின் பெயராலும் எனக்கு மனம் வராது.

லகான் கரை எழுதுகிறார்:

வட அயர்லாந்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே சுருக்கமாக ஒன்று. ஒலிம்பிக் அணியின் பெயரான கிரேட் பிரிட்டன் என்பதில் எங்கள் தலைநகர் பெல்ஃபாஸ்ட் அடங்கவே இல்லை. 1998 அமைதி ஒப்பந்தப்படி இங்கே பிறந்தவர்கள் தம்மை பிரிட்டிஷாராகவோ ஐரிஷாராகவோ இரண்டாகவுமோ கருதிக்கொள்ளலாம், அயர்லாந்துக் குடியரசின் அணிக்கும் ஆடலாம். ரக்பியில் தீவு முழுவதற்கும் ஒரே அணி, கால்பந்தில் இரண்டு. இத்தனை நுட்பமாகக் கட்டிவைத்த சமநிலைக்குள் பிரிட்டன் அணி என்ற இன்னொரு தேர்வைப் புகுத்தினால், ஒரு பதினெட்டு வயதுப் பையன் எந்தச் சட்டையை அணிகிறான் என்பது அவன் குடும்பமே பதில் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடும்.

நெல்லை வாசகன் எழுதுகிறார்:

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. ஆடவர் அணி விஷயத்தில் மறுப்பின் நியாயம் புரிகிறது. 2023இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல், மற்ற மூன்று அரையிறுதி அணிகள் போனதும் பிரிட்டன் என்ற பெயரில் ஒரே ஆடவர் அணி இல்லாததால்தான் என்று இப்போது தெரிகிறது. குடிமகள் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: மகளிருக்குக் கூட்டு அணி சரி என்றால், தகுதி பெறும் முறை எல்லோருக்கும் நேர்மையாக இருக்கிறதா?

கார்டிஃப் குடிமகள் எழுதுகிறார்:

இல்லை என்பதே என் பதில். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதி ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் வழியாக முடிவானது, பிரிட்டனுக்கான இடத்தை வெல்லும் பொறுப்பு இங்கிலாந்திடம் இருந்தது. 2023 டிசம்பர் 5 அன்று கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்து சந்தித்த அணி ஸ்காட்லாந்து, அதுவும் ஹாம்ப்டன் பார்க்கில். இங்கிலாந்து பெரிய வித்தியாசத்தில் வென்றால் ஸ்காட்லாந்து வீராங்கனைகள் சிலருக்கு ஒலிம்பிக் வாய்ப்பு, சொந்த நாட்டுக்காக முழுமூச்சாக ஆடினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆட்டத்துக்கு முன்பே அவர்களின் நேர்மை மீது சந்தேகம் கிளப்பப்பட்டது, அணியின் தரப்பு அதை அவமானம் என்று கடுமையாக மறுத்தது. இங்கிலாந்து 6-0 என்று வென்றது. அதே இரவில் பெல்ஜியத்துடன் ஆடிய நெதர்லாந்து 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் இரண்டு கோல்கள் போட்டு 4-0 என்று முடித்ததால், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பிரிட்டன் வாய்ப்பிழந்தது. கூட்டு அணி தொடர வேண்டுமானால், நால்வரில் யாரும் ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்தில் அந்த இடம் தீர்மானிக்கப்படக் கூடாது என்ற விதியை முதலில் எழுத வேண்டும். அதுவரை ஸ்காட்லாந்து வீராங்கனைகளை இத்தகைய இக்கட்டில் நிறுத்தும் பொறுப்பு, போட்டியை வடிவமைப்பவர்களுடையது.